கீழே கடை, மேலே வீடு: தண்ணீர்க் குழாயின் கணக்கு

ஒரு வியாபாரியிடம் போய் அவருடைய களஞ்சியத்தில் எத்தனை மூடை சீனி இருக்கிறது என்று கேளுங்கள். புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவார். சென்ற மாதம் அவருடைய வீட்டுக்கு எத்தனை அலகு தண்ணீர் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு பில்லைத் தேடச் சொல்வார். கடையில் ஒரு கிலோ பருப்பு குறைந்தால் காரணம் கேட்கும் நாம், வீட்டுக் குழாயில் மாதக்கணக்காக ஒழுகிப் போவதற்குக் கணக்குக் கேட்பதில்லை.

நமது ஊர்களின் பிரதான வீதிகளைப் பாருங்கள். மாவனல்லை, கல்முனை, காத்தான்குடி, புத்தளம் என்று எங்கு போனாலும் கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்புத்தான் அதிகம். வாடகை மிச்சம், காவலாளி மிச்சம், பகல் சாப்பாட்டுக்குப் படியேறினால் போதும். ஆனால் கட்டும்போது பலர் யோசிக்காத ஒன்று உண்டு. மேல்மாடிக் குளியலறைக்கு நேர் கீழே பெரும்பாலும் கடையின் பின்புறம், அதாவது சாமான் அடுக்கும் அறை வருகிறது. மேலே ஒரு குழாய் பழுதானால் அது வீட்டுப் பிரச்சினையாக நிற்பதில்லை. முதலிலேயே கைவைப்பது உங்கள் சரக்கில்தான். ஆகவேதான் குழாய் வேலையை இந்த வாரம் வியாபாரப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

இன்னுமொரு காரணமும் உண்டு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2022 செப்டெம்பரிலும் 2023 ஆகஸ்டிலும் கட்டணங்களைக் கணிசமாக உயர்த்தியது. 2024இல் ஓரளவு குறைத்தாலும் பழைய நிலைக்கு வரவில்லை. மறுபக்கம் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. பித்தளை டெப், வால்வு, கனெக்டர் ஹோஸ் எல்லாம் பெரும்பாலும் இறக்குமதிப் பொருட்கள். அவற்றின் விலை ஏறியது ஏறியதுதான். வேலை தெரிந்த பாஸ்மாரும் குறைந்துவிட்டார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களில் குழாய் வேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். பொருள், கூலி, தண்ணீர் மூன்றும் ஒன்றாகக் கூடிய பிறகு, "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவைக்கும் ஒழுக்கின் விலை முன்னைய விலை அல்ல.

எந்த ஒழுக்கு எவ்வளவு தின்கிறது?

எல்லா ஒழுக்கும் ஒன்றல்ல. சத்தம் போடும் ஒழுக்கை நாம் பெரிதாக எண்ணுகிறோம். சத்தமில்லாததை விட்டுவிடுகிறோம். கணக்கு நேர் எதிரானது.

சொட்டும் டெப்பின் கீழே ஒரு லீற்றர் போத்தலை வையுங்கள். அது நிரம்ப ஒரு மணித்தியாலம் எடுத்தால் நாளுக்கு 24 லீற்றர், மாதத்துக்கு 720 லீற்றர். ஓர் அலகு என்பது ஒரு கன மீற்றர், அதாவது 1,000 லீற்றர். இரவு முழுதும் டக் டக் என்று தூக்கத்தைக் கெடுக்கும் அந்த டெப், மாதத்துக்கு ஓர் அலகைக் கூடத் தின்னவில்லை. அதைத் திருத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. பில் ஏறியதற்கு அதைக் குற்றஞ்சாட்டி, உண்மையான கள்வனை விட்டுவிட வேண்டாம்.

கள்வன் பெரும்பாலும் கமோட்டின் சிஸ்டனுக்குள் இருக்கிறான். அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டால் தண்ணீர் பீங்கானின் பின்பக்கமாகச் சத்தமின்றி வடிந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு கால் லீற்றர், அதாவது ஒரு சிறு கிளாஸ் அளவு வடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 360 லீற்றர். 30 நாளில் 10,800 லீற்றர், ஏறத்தாழ 11 அலகு. வழக்கமாக 20 அலகு பாவிக்கும் குடும்பத்துக்கு 31 அலகு பில் வரும். நீர்க் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதை மறக்க வேண்டாம். இந்த 11 அலகும் உங்கள் பில்லின் மலிவான படிகளில் விழுவதில்லை, ஆகக் கூடிய விலையுள்ள படிகளில்தான் போய் விழும். மாதாந்த நிலையான கட்டணமும் பாவனையின் அளவோடு கூடக்கூடியது. ஆகவே ஒழுக்கின் விலையைப் பார்க்கும்போது மொத்த பில்லை அலகுகளால் பிரித்து சராசரி எடுப்பது பிழையான கணக்கு. பில்லில் உள்ள கடைசிப் படியின் விலையை எடுத்துப் பெருக்குங்கள். கடையில் கடைசியாக வந்த சரக்கின் கொள்வனவு விலையைப் பார்த்துத்தானே அடுத்த விலையைத் தீர்மானிக்கிறோம்?

சிஸ்டனைப் பரிசோதிக்க பாஸ் தேவையில்லை. சமையலறையில் புரியாணிக்குப் போடும் கேசரிப் பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்து சிஸ்டன் தண்ணீரில் கரைத்துவிட்டு, அரை மணித்தியாலம் யாரும் பாவிக்காமல் விடுங்கள். கமோட்டுக்குள் நிறம் வந்திருந்தால் ஒழுக்கு நிச்சயம். உள்ளே தண்ணீர் மட்டம் நடுவிலுள்ள வழிவுக் குழாயின் வாய் வரை நிற்கிறதென்றால் பிழை மிதவையில். மட்டம் அதற்குக் கீழே இருந்தும் நிறம் வருகிறதென்றால் பிழை அடி ரப்பரில். இரண்டும் தனித்தனியாக விற்கப்படும் சாமான்கள். முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் பாஸிடம், எது பழுது என்று முதலில் கேளுங்கள்.

ஓர் இரவுப் பரிசோதனை

வீடு முழுவதையும் ஓர் இரவில் பார்த்துவிடலாம். கடையில் ஸ்டொக் எடுப்பதைப் போன்றதுதான். பெரும்பாலான வீடுகளில் சபையின் தண்ணீர் மீற்றரைத் தாண்டி மேலே உள்ள தாங்கிக்குப் போய், அங்கிருந்து வீட்டுக் குழாய்களுக்கு இறங்குகிறது. இரவு எல்லோரும் படுக்கப் போகும் நேரத்தில் தாங்கி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தாங்கிக்குள் தண்ணீர் வரும் வால்வைப் பூட்டுங்கள். தாங்கியின் நீர்மட்டத்தை ஒரு குச்சியை விட்டு அளந்து பென்சிலால் அடையாளம் வையுங்கள். மீற்றரின் எண்களை சிவப்பு எண்கள் உட்பட எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் படமெடுத்தால் இன்னும் நல்லது. சுபஹுக்கு எழும்பியதும், யாரும் டெப்பைத் திறக்கும் முன், இரண்டையும் மீண்டும் பாருங்கள்.

மீற்றர் நகர்ந்திருந்தால் ஒழுக்கு மீற்றருக்கும் தாங்கிக்கும் இடையில். பெரும்பாலும் நிலத்துக்கடியில் இருக்கும். சமையலறை டெப்போ தோட்டத்து டெப்போ நேர் இணைப்பில் இருந்தால் அவற்றையும் சந்தேகிக்க வேண்டும். மீற்றர் அசையாமல் தாங்கி மட்டம் இறங்கியிருந்தால் ஒழுக்கு வீட்டுக்குள். சிஸ்டனைப் பாருங்கள், இல்லையென்றால் சுவருக்குள் பாருங்கள். இரண்டும் அப்படியே இருந்தும் பில் கூடுகிறதென்றால் தாங்கியின் மிதவை வால்வு பூட்டுப்படாமல் தண்ணீர் வழிந்து போகிறது என்று ஊகிக்கலாம்.

இந்த மூன்றாவது பிழையைப் பலர் கண்டுபிடிக்காததற்குக் காரணம் தாங்களே செய்துவைத்த ஏற்பாடு. வழிவுக் குழாயை அழகுக்காகப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பீலிக்குள் விட்டுவிடுகிறார்கள். பிறகு வழிவது யாருக்கும் தெரிவதில்லை. அந்தக் குழாயின் வாய் முற்றத்திலோ கடைவாசல் பக்கத்திலோ, தண்ணீர் விழுந்தால் உடனே கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் அவலட்சணமாக இருக்கட்டும். அதுதான் உங்கள் எச்சரிக்கை மணி.

மீற்றருக்கு வீதிப் பக்கத்தில் ஒழுகினால் அது சபையின் பொறுப்பு. 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். கண்டி நகரத்தில் உள்ளவர்களுக்கு மாநகர சபையே தண்ணீர் வழங்குவதால் அவர்கள் அங்கேதான் அறிவிக்க வேண்டும். மீற்றருக்கு வீட்டுப் பக்கத்தில் ஒழுகுவது எத்தனை அலகானாலும் உங்கள் கணக்கில்தான்.

"எங்களுக்குக் கிணறுதான், பில்லே இல்லை" என்று கிழக்கு மாகாண வாசகர்கள் சொல்லக்கூடும். தண்ணீருக்கு இல்லை, மோட்டருக்கு உண்டு. ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய ஓர் அலகு மின்சாரம். வழக்கமாக நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடியது, வீட்டு ஒழுக்கினால் இரண்டு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 30 அலகு கூடுதல். மின்சாரக் கட்டணமும் படி ஏறும் முறைதான். கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வு தேய்ந்தால் இன்னொரு ஆபத்து. குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிவிட, மோட்டர் வெறுமனே சுற்றி சீல் எரியும். ஒரு ஃபுட் வால்வைப் பிந்தி மாற்றியதற்காக மோட்டரைத் திரும்பக் கட்டுவிக்கும் வீடுகள் பல.

வோஷர் மலிவு, சுவர் விலை

குழாய்த் திருத்தத்தின் செலவைக் கேட்டால் பெரும்பாலானோர் சாமானின் விலையைச் சொல்வார்கள். அது செலவின் சிறு பகுதி. ஒரு வோஷரின் விலை ஒரு தேநீரின் விலைக்குப் பக்கத்தில் நிற்கும். பாஸ் வருவதற்கான கூலி அதைப் போலப் பல மடங்கு. பைப் சுவருக்குள் என்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். உடைத்த பின் திரும்பப் பூச மேஸன் பாஸ் வேண்டும். டைல்ஸ் பதிப்பதற்கு அதற்கென ஒருவர் வேண்டும். அதன் பிறகு நிறம். அரை அங்குல எல்போ ஒன்று வெடித்ததற்கு மூன்று தொழிலாளரின் நாட்கூலி போகிறது.

டைல்ஸ் விடயத்தில் ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நாலு டைல்ஸ் உடைத்தால் போதும் என்று தொடங்கி, அதே நிறம் கிடைக்காமல் முழுச் சுவரையும் மாற்றியவர்களை நான் கண்டிருக்கிறேன். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது வெளிநாட்டு டைல்ஸ் பதித்தவர்கள் இந்தச் சங்கடத்தை நன்றாகவே உணர்ந்தார்கள். கட்டுப்பாடு இல்லாத காலத்திலும் ஒரு டிசைன் சில வருடங்களுக்கு மேல் சந்தையில் நிற்பதில்லை. ஒரே டிசைனிலும் ஒரு சூளையின் நிறம் மறு சூளையில் வராது. வீடு கட்டும்போது ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு பெட்டி டைல்ஸை மிச்சமாக எடுத்து, படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிடுங்கள். திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கும் அவசரத்தில் பலர் அந்தப் பெட்டியைத்தான் முதலில் கடைக்கு அனுப்புகிறார்கள்.

சுவருக்குள் போகும் பைப்பைப் பூச முன் இரண்டு வேலைகள் செய்தால் பிற்காலச் செலவில் பாதி குறையும். முதலாவது அழுத்தப் பரிசோதனை. எல்லா வாய்களையும் அடைத்து, கைப்பம்பினால் வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, சில மணித்தியாலம் மானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. கைப்பம்ப் இல்லாத பாஸ் "தண்ணீர் விட்டுப் பார்த்தேன், சரி" என்பார். தண்ணீர் விட்டுப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. இரண்டாவது, அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படமெடுத்து வைப்பது. ஐந்து வருடத்தின் பின் எந்த இடத்தில் உடைப்பது என்று பாஸ் சுவரைத் தட்டித் தட்டி ஊகிக்கத் தேவையில்லை. கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது பைப்பைத் துளைப்பதும் நடக்காது.

இனி, நமக்குத் தெரிந்த ஒரு புடவைக் கடைக்காரரின் கதை. பெயர் வேண்டாம். மலைநாட்டு நகரமொன்றில் கீழே கடை, மேலே வீடு. பெருநாளைக்கு இரண்டு நாள் குடும்பத்தோடு மனைவியின் ஊருக்குப் போனார். மேல்மாடி வோஷ்பேசினின் கீழிருந்த கனெக்டர் ஹோஸ் அன்றிரவே வெடித்தது. வெளியே உருக்குப் பின்னல் பளபளவென்று இருக்கும், உள்ளே இருப்பது ரப்பர்க் குழாய்தான். அந்த பேசினுக்கு நேர் இணைப்பு என்பதால் தாங்கி காலியானதும் நிற்கும் என்ற ஆறுதலும் இல்லை. இரண்டு இரவு தண்ணீர் ஓடியது. சிலெப்பின் வெடிப்பு வழியாகக் கீழே இறங்கியது பெருநாளில் விற்று மிஞ்சிய சாரி, சல்வார், துணிச் சுருள்கள் அடுக்கிய தட்டுகளின் மேல்தான். சாயம் கரைந்து ஒன்றிலொன்று ஏறிய துணியை என்ன விலைக்கு விற்கலாம் என்று புடவை வியாபாரம் செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடனுக்கு எடுத்த சரக்கு. மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலைகளின் திகதி தண்ணீருக்காகத் தள்ளிப் போகவில்லை. அந்த ஹோஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் செலவு ஒரு சாரியின் விலையில் சிறு பங்கு.

அவர் அந்த ஹோஸைப் பழுதான பின் மாற்றும் சாமானாகவே நினைத்திருந்தார். பெரும்பாலோர் அப்படித்தான். வாகனத்தின் எண்ணெயை எஞ்சின் பிடித்த பிறகா மாற்றுகிறோம்? ஹோஸின் முனையில் துரு, பின்னலில் அறுந்த கம்பி, வளைவில் வீக்கம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மாற்ற வேண்டும். கடைக்கு மேலே இருக்கும் ஹோஸ் என்றால் எதையும் காணாவிட்டாலும் திகதி பார்த்து மாற்றுங்கள்.

பாஸும் பட்டியலும்

பாஸ் எழுதித் தரும் சாமான் பட்டியலைப் பற்றி ஒரு ஹார்ட்வெயார் வியாபாரி எழுதுவது சக வியாபாரிகளுக்குப் பிடிக்காமல் போகலாம். சில இடங்களில் பாஸ் அனுப்பும் வாடிக்கையாளரின் பில்லில் பாஸுக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவருடைய காசில் இருந்து கொடுக்கப்படும் இந்தக் கொமிஷனை நான் சரியென்று சொல்லமாட்டேன். எதிர்த்துச் சண்டை பிடிக்கவும் தேவையில்லை. பட்டியலை வாங்கி இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். மீதமான சாமானைத் திருப்பி எடுப்பீர்களா என்று வாங்கும்போதே பேசுங்கள். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

கூலியை நாட்கணக்கில் பேசுவதா, கொந்தராத்தாகப் பேசுவதா என்று கேட்பார்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாத தேடல் வேலைக்கு நாட்கூலிதான் நியாயம். தெரியாத வேலைக்கு கொந்தராத்து கேட்டால் பாஸ் தன் பயத்தையும் சேர்த்து விலை சொல்வார். புதிய குளியலறை போல அளவு தெரிந்த வேலைக்கு கொந்தராத்து நல்லது. ஆனால் கடைசிப் பங்கை வேலை முடிந்த அன்று கொடுக்காமல், பத்து நாள் பாவித்துப் பார்த்துக் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேசியதைச் சொன்ன நாளில் கொடுத்தும் விடுங்கள். காசுக்கு இழுத்தடிக்கும் வீட்டுக்கு அவசர நேரத்தில் எந்த பாஸும் வரமாட்டார். என்.வீ.கியூ. சான்றிதழ் பெற்றவர்கள் இப்போது ஓரளவு கிடைக்கிறார்கள், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இரண்டு இடங்களைக் கவனித்தால் போதும். பீ.வீ.சீ. பைப்பை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, துணியால் துடைத்த பின்தான் கம் பூச வேண்டும். பைப்பிலும் சொக்கட்டிலும் பூசி, செருகி, கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். ஒட்டிய இடத்துக்கு முழு அழுத்தம் கொடுக்க ஒரு நாள் பொறுப்பது நல்லது. பத்து நிமிடத்தில் தண்ணீரைத் திறந்து "பாருங்கள் ஹாஜியார், ஒழுகவில்லை" என்று காட்டும் வேலை அடுத்த மாதம் ஒழுகும். மற்றது டெப் பொருத்தும் இடம். பிளாஸ்டிக் மரை உள்ள ஃபோசெட் எல்போவுக்குள் பித்தளை டெப்பை டேப் சுற்றி, ஸ்பானர் போட்டு முறுக்கினால் எல்போ உள்ளுக்குள் கீறும். அன்று தெரியாது. சுவருக்குள் போகும் இடங்களுக்குப் பித்தளை மரை பதித்த ஃபோசெட் எல்போவையே வாங்குங்கள். விலை கூடத்தான். சுவர் உடைக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது

பைப்பின் மேல் அச்சிட்டிருக்கும் வரியை வாசிக்காமல் வாங்காதீர்கள். எஸ்.எல்.எஸ். தர அடையாளம், அளவு, வகை மூன்றும் அதில் இருக்கும். வகை 1000 என்றால் 1,000 கிலோபாஸ்கல் தாங்கும், அதாவது 100 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தம். பெரிய அளவுகளில் 600, 400 என்று மெல்லிய வகைகளும் உண்டு. கழிவு நீருக்குரிய மெல்லிய பைப்பை அழுத்த நீருக்குப் போட்டு மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல. சாதாரண பீ.வீ.சீ. சுடுநீருக்கு ஆகாது, 60 பாகைக்கு மேல் அது மெலிந்து வளையும். கீசரில் இருந்து வரும் பக்கத்துக்கு அதற்குரிய சீ.பீ.வீ.சீ. அல்லது பீ.பீ.ஆர். பைப் வேண்டும்.

டெப்பைக் கையில் எடுத்துப் பாரத்தைப் பாருங்கள். மரைப் பக்கத்தைப் பாருங்கள். பித்தளை என்றால் மஞ்சள் நிறம் தெரியும். மேலே குரோம் பூசிய மலிவு உலோகம் சாம்பல் நிறமாக இருக்கும், சில வருடங்களில் மரை உதிர்ந்து முனை சுவருக்குள் நின்றுவிடும். யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணாம்புப் பூமிகளில் தண்ணீர் கடினம். ஷவரின் துளைகளும் கீசரின் கொயிலும் சுண்ணாம்பு பிடித்துப் போகும். அங்கே கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய எளிய மாதிரிகளே லாபம்.

இப்போது நம்மவர்களைப் பிடித்திருக்கும் ஒரு ஆசையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மிக்ஸர் டெப், பெரிய வட்ட ஷவர் என்று பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றின் பெட்டியிலேயே குறைந்தது 1 பார் அழுத்தம் வேண்டும் என்று எழுதியிருக்கும். 1 பார் என்பது 10 மீற்றர் உயரம். உங்கள் தாங்கி மேல்மாடி ஷவருக்கு மேலே எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கிறது? இரண்டு, மூன்று இருக்கலாம். அப்படியென்றால் கிடைப்பது 0.2 அல்லது 0.3 பார்தான். வாங்கிய ஷவரில் தண்ணீர் கண்ணீர் போல வடியும். உடனே பாஸ் பிரஷர் பம்ப் போடச் சொல்வார். பம்ப் போட்டதும் பதினைந்து வருடம் குறைந்த அழுத்தத்தில் அமைதியாக இருந்த பழைய மூட்டுகள் திடீரென்று 2, 3 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும். இருந்த இடத்தில் இருந்த பலவீனமெல்லாம் ஒரே மாதத்தில் வெளியே வரும். பழைய வீட்டில் பிரஷர் பம்ப் போடும் முன், மேலே சொன்ன அழுத்தப் பரிசோதனையைச் செய்யாமல் போடவே கூடாது.

யார் கொடுப்பது?

மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று வாடகைக்கு இருக்கும் இடங்களில் ஒழுக்கைவிட வழக்கே பெரிது. வாடகை உடன்படிக்கைகளில் "திருத்த வேலைகள் வாடகைக்காரரின் பொறுப்பு" என்று ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். டெப், வோஷர், ஹோஸ், சிஸ்டன் சாமான்கள் பாவிப்பவர் பொறுப்பு என்றும், சுவருக்குள் உள்ள பைப், தாங்கி, கழிவுக் குழாய் சொந்தக்காரர் பொறுப்பு என்றும் பிரித்து எழுதினால் பாதிச் சண்டை குறையும். மேலிருந்து வந்த தண்ணீரால் கீழே உள்ள சரக்கு பழுதானால் யார் ஈடு செய்வது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். எழுத வெட்கப்பட்டு, பிறகு பள்ளி நிர்வாகத்திடம் பஞ்சாயத்துக்குப் போய் நிற்கும் உறவினர்களை எல்லா ஊரிலும் காணலாம்.

கடைக்கு எடுத்திருக்கும் காப்புறுதியையோ தகாஃபுலையோ ஒருமுறை வாசியுங்கள். தீ என்று மட்டும் எடுத்திருந்தால் தண்ணீருக்கு அதில் இடமிருக்காது. நீர்த்தாங்கியும் குழாயும் வெடித்து வழிவதால் வரும் சேதத்தை மேலதிக பிரிவாகச் சேர்த்துக்கொள்ள முடியும், கேட்டால்தான் சேர்ப்பார்கள். மாதக்கணக்காக மெதுவாகக் கசிந்து பூஞ்சணம் பிடித்த சரக்குக்குப் பொதுவாக ஈடு கிடைப்பதில்லை. திடீரென நடந்ததுதான் கணக்கில் வரும். சேதம் நடந்தால் வெடித்த ஹோஸை எறிந்துவிடாமல் வையுங்கள். நனைந்த சரக்கை அப்புறப்படுத்தும் முன் படமெடுங்கள். கொள்வனவு பில்கள் கீழ்த்தட்டில் நனையாத இடத்தில் இருக்கட்டும்.

சாமான் அறையைப் பொறுத்தவரை, குளியலறைக்கு நேர் கீழே உள்ள பகுதியில் துணி, சீனி, மா, கடதாசி வைப்பதைத் தவிருங்கள். பிளாஸ்டிக், பாத்திரம், போத்தல் சரக்குகளை அங்கே மாற்றுங்கள். தரையில் எதையும் நேரடியாக வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சீலிங் அடித்திருந்தால் ஒரு மூலையில் திறந்து பார்க்கக்கூடிய மூடி ஒன்று விடுவியுங்கள். மஞ்சள் கறை தெரியும்போது மேலே வேலை பல மாதம் நடந்து முடிந்திருக்கும்.

கடைசியாக, பிரதான வால்வு. மீற்றருக்கு அடுத்ததாக உள்ள அந்த வால்வு எங்கே என்று வீட்டில் உள்ள பெண்கள், பெரிய பிள்ளைகள், கடைப் பையன் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் போனாலும் அதைப் பூட்டிவிட்டுப் போங்கள், தாங்கியின் வெளி வால்வையும் சேர்த்து. பழைய கேட் வால்வுகளை வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் இறுகிவிடும், அவசரத்தில் திருப்பும்போது தண்டு கையோடு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுதாகப் பூட்டித் திறந்து, திறந்த பின் கால் சுற்று திருப்பி வையுங்கள். திருப்பவே முடியாத நிலையில் இருந்தால் நெம்ப வேண்டாம். பாஸை அழைத்து, கால் சுற்றில் பூட்டும் நெம்பு வால்வாக மாற்றிக்கொள்ளுங்கள்.